ஈப்போ நஞ்சும் நரம்பின் கடிவாளமும்

பேராக் மாநிலத்தின் தலைநகரமாகிய ஈப்போ, மரத்தால் பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று. தமிழகத்திலும் ஆலங்குடி, மருதூர், அத்திப்பட்டு என மரங்கள் ஊர்ப் பெயர்களாகி நிற்கின்றன. அவையெல்லாம் நிழலோ கனியோ தரும் மரங்கள். ஈப்போ மரமோ நஞ்சு மரம். 1917இல் திறக்கப்பெற்ற ஈப்போ புகைவண்டி நிலையத்தின் எதிரே, சதுக்கத்தில் அம்மரம் ஒன்று நிற்கிறது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோர் பலர். நின்று பார்ப்போர் சிலர்.

தாவரநூலார் இதனை ஆலும் அத்தியும் பலாவும் அடங்கிய குடும்பத்தில் சேர்ப்பர். பலாவைப் போலவே இதற்கும் பால் உண்டு. பட்டையைக் கத்தியால் கீறினால் பால் வடியும். பேராக்கின் மலைக்காடுகளில் தொன்றுதொட்டு வாழும் செமாய், தெமியார் மக்கள் அந்தப் பாலை வடித்து, தீயில் வாட்டி இறுக்கி, ஊதுகுழலில் வைத்து எய்யும் சிற்றம்புகளின் நுனியில் பூசினர். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்படுவதற்கும், அவற்றின் பின்வழியில் வந்த மரங்களைத் தமிழர் கீறிப் பால் எடுப்பதற்கும் நெடுங்காலம் முன்பே, இம்மண்ணில் மரத்தைக் கீறிப் பால் வடிக்கும் தொழில் இருந்தது என்பது நினைவு கூரத்தக்கது.

மலாய் மொழியில் 'ஈப்போ' என்பது அந்த ஒரு மரத்துக்கு மட்டும் உரிய பெயரன்று. அம்பு நஞ்சு தரும் கொடி ஒன்றும் அப்பெயர் பெறும். அதனை 'ஈப்போ ஆக்கார்' என்பர். 'ஆக்கார்' என்றால் வேர். கொடிக்கும் அச்சொல் வழங்கும். மரம் தரும் நஞ்சு இதயத்தைத் தாக்குவது. கொடி தரும் நஞ்சு நரம்பைத் தாக்குவது. தைப்பிங்கில் 1883இல் தோன்றிய பேராக் அருங்காட்சியகத்தின் காப்பாளராயிருந்த லியனார்ட் ரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த அம்பு நஞ்சுகளைத் திரட்டி ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர்.

நாம் இங்கே காணப் போவது கொடியின் கதை. அந்த நஞ்சு நரம்பில் எதனைக் கெடுக்கிறது என்று தேடிச் சென்ற அறிஞர்கள், நரம்பு மண்டலத்தில் எவரும் கண்ணாற் காணாத ஒரு கடிவாளம் இருப்பதைக் கண்டனர். அக்கடிவாளம் ஒற்றை வாரால் ஆனதன்று, இரண்டு வார்களைச் சேர்த்து முறுக்கியது என்பது அண்மைக் காலத்திலேதான் தெளிவாயிற்று.

எட்டியின் சுற்றம்

ஈப்போ ஆக்கார் நமக்கு முற்றிலும் அயலான கொடியன்று. அது தமிழர் நன்கு அறிந்த எட்டியின் இனம். காஞ்சிரை என்றும் எட்டி வழங்கப்படும். கொடுக்க மனமில்லாதவன் செல்வத்தை எட்டிப் பழத்தோடு ஒப்பிடும் பழமொழியை நம் பாட்டிமார் தோட்டத்து லயங்களிலும் சொல்லி வந்தனர். பார்வைக்கு அழகிய பழம். உள்ளே தட்டையான, பட்டுப் போன்ற மயிர் மூடிய கொட்டை. அதனுள் கொடிய நஞ்சு. சித்த மருத்துவர் அதனைப் பலவாறு சுத்தி செய்து சிற்றளவில் மருந்தாக்கினர். சுத்தி செய்யாத கொட்டையின் இயல்பை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு அந்தச் சுத்தி முறைகளே சான்று.

இந்த இனத்தில் தேற்றா மரமும் அடங்கும். கலங்கிய நீர் தேற்றாங்கொட்டையால் தெளிவதைக் கலித்தொகை உவமையாக எடுத்தாள்கிறது. ஒரே இனத்தில் ஒன்று நீரைத் தெளிவிக்கிறது. மற்றொன்று உயிரைக் குடிக்கிறது. இவ்வினத்துக்குத் தாவரநூலார் இட்ட பெயர் ஸ்ட்ரிக்னோஸ். அந்தப் பெயரிலிருந்தே எட்டி நஞ்சுக்கு ஸ்ட்ரிக்னின் என்ற பெயர் வந்தது.

சாவகத்திலிருந்து பாரிசுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெசனோல் என்னும் பிரெஞ்சுத் தாவரநூலார் சாவகத் தீவில் தங்கினார். அங்கே அம்பு நஞ்சாக வழங்கிய இருவகைப் பொருள்களையும் அவர் திரட்டினார். ஒன்று நம் ஈப்போ மரத்தின் பால்; மற்றொன்று எட்டியினக் கொடியொன்றின் சாறு. இரண்டையும் அவர் பிரான்சுக்குக் கொண்டு சென்றார். இந்த லெசனோலே பின்னர் 1816இல் புதுச்சேரிக்கு வந்து, தென்னிந்தியச் செடிகளையும் இலங்கைச் செடிகளையும் தொகுத்தவர்.

பாரிசில் அந்தக் கொடி நஞ்சை ஆராய்ந்தவர்கள் மஜாந்தி, தெலீல் என்ற இருவர். 1809இல் அவர்கள் விலங்குகளில் அதனைச் செலுத்திப் பார்த்தனர். உடல் முழுவதும் வில்லாக வளைந்து விறைத்தது. சிறு ஒலி கேட்டாலும், மெல்லத் தொட்டாலும் வலிப்பு மீண்டும் எழுந்தது. மூளையைத் தண்டுவடத்திலிருந்து துண்டித்த பின்னும் வலிப்பு நிற்கவில்லை. தண்டுவடத்தை அழித்தபோதுதான் நின்றது. ஆகவே இந்நஞ்சின் களம் தண்டுவடமே என்று முடிவு கட்டினர். உடலுள் ஒரு பொருள் குறித்த ஓர் உறுப்பில்தான் வேலை செய்கிறது என்று சோதனையால் காட்டிய முதல் முயற்சிகளுள் இஃது ஒன்று.

1818இல் பெல்தியே, கவாந்து என்ற இரு வேதியியலார் எட்டியினத்துக் கொட்டைகளிலிருந்து நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தனர். 1820இல் பிராக்கோன்னோ என்ற மற்றொரு பிரெஞ்சு வேதியியலார், எலும்பும் தோலும் தரும் பசைப்பொருளைக் கந்தக அமிலத்தில் காய்ச்சி, இனிப்புச் சுவையுள்ள ஒரு பொருளைக் கண்டார். அதுவே இன்று கிளைசின் எனப்படுவது. கசப்பின் உச்சமாகிய ஸ்ட்ரிக்னினும் இனிப்புள்ள கிளைசினும் இரண்டாண்டு இடைவெளியில் பிறந்தன. ஒன்றுக்கு மற்றொன்று நேர்ப் பகை என்பது வெளியாக இன்னும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

பால் வெட்டுபவரின் கை

நரம்பு என்றால் செய்தி கொண்டு செல்வது என்றே நாம் பள்ளியில் படித்தோம். செய்தி வந்தால் தசை சுருங்கும். வராவிட்டால் சும்மா இருக்கும். இது பாதி உண்மையே.

விடியுமுன் நிரையில் நின்று பால் வெட்டியவர்களின் கையை நினைத்துப் பாருங்கள். கத்தி பட்டையைச் சீவ வேண்டும். ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மென்படலத்தைத் தீண்டலாகாது. தீண்டினால் மரம் புண்படும். புதுப்பட்டை சீராக வளராது. கங்காணியின் வசையும் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் கேடு, குறைந்தாலும் பால் குறையும். முழங்கையை மடக்கும் தசை சுருங்கும்போது, நீட்டும் தசை அதற்கு இடங்கொடுத்துத் தளர வேண்டும். இரண்டும் ஒரே வேளையில் முழுவலியோடு இழுத்தால் கை மரக்கட்டையாகிவிடும்.

அந்தத் தளர்ச்சி தானாக நேர்வதன்று என்று நிறுவியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஷெரிங்டன். ஒரு தசைக்குத் தூண்டற் செய்தி செல்லும்போதே, அதற்கு எதிரான தசையை இயக்கும் நரம்பணுவுக்குத் தடைச் செய்தி செல்கிறது என்று அவர் காட்டினார். தடை என்பது செய்தியின் இன்மை அன்று. தடையும் ஒரு செய்தியே. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், விலங்குக்குச் சிறிதளவு ஸ்ட்ரிக்னின் கொடுத்துப் பார்த்தபோது, தளர வேண்டிய தசையும் சேர்ந்து சுருங்குவதை அவர் கண்டார். ரணஜன்னி நஞ்சிலும் அவ்வாறே. எனவே எட்டி நஞ்சு நரம்புக்குப் புதிய வலிமை எதனையும் தருவதில்லை. அதன் கடிவாளத்தை அறுக்கிறது. குதிரை தறிகெட்டு ஓடுவது அதன் கால்வலிமை கூடியதால் அன்று என்பதை ஒத்தது இது. 1932இல் ஷெரிங்டனுக்கு நோபெல் பரிசு, ஏட்ரியன் என்ற அறிஞரோடு பகிர்ந்து, வழங்கப்பெற்றது.

டனீடன் நகரில் நிகழ்ந்த மனமாற்றம்

தடைச் செய்தி ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்த நரம்பணுவுக்கு எவ்வாறு தாவுகிறது? இதில் இரு கட்சிகள் இருந்தன. மின்சாரமே நேரே தாவுகிறது என்பது ஒரு கட்சி. நரம்பின் முனை ஒரு வேதிப் பொருளைச் சிந்துகிறது, அப்பொருள் அடுத்த நரம்பணுவில் மின்னோட்டத்தை எழுப்புகிறது என்பது மற்றொரு கட்சி. ஷெரிங்டனின் மாணவராகிய ஜான் எக்கிள்ஸ் முதற் கட்சியின் முன்னணி வழக்குரைஞர்.

1951இல் நியூசிலாந்தின் டனீடன் நகரில் எக்கிள்ஸும், பிராக், கூம்ஸ் என்ற இரு துணைவரும் பூனையின் தண்டுவடத்திலுள்ள நரம்பணு ஒன்றினுள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகினர். அக்குழாயின் நுனி ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறு செய்தால் வரும் ஒரு கூற்றினும் சிறியது. ஓய்விலிருக்கும் நரம்பணுவின் உட்புறம், வெளியை நோக்க ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். அது குறைந்து ஒரு வரம்பைத் தொட்டால்தான் நரம்பணு செய்தி எழுப்பும். தடைச் செய்தி வந்தபோது என்ன நேர்ந்தது? உட்புறத்தின் எதிர்மின்னழுத்தம் குறையவில்லை. மேலும் சில மில்லிவோல்ட் கூடியது. எக்கிள்ஸின் சொந்தக் கொள்கை இதற்கு நேர்மாறானதையே எதிர்பார்த்தது. ஆண்டுக்கணக்கில் தாம் வாதாடிய கட்சியைத் தாமே கைவிட்டு, வேதிப் பொருளே செய்தி என்று அவர் ஒப்புக்கொண்டார். 1963இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர்.

அந்த மின்னோட்டத்தைச் சுமப்பது எது என்பதும் 1955இல் வெளியாயிற்று. நாம் உண்ணும் உப்பில் பாதியாகிய குளோரைடு அயனியே அது. நரம்பணுவுக்கு வெளியே குளோரைடு மிகுதி, உள்ளே குறைவு. தடைப்பொருள் வந்து ஏற்பி என்னும் புரதத்தில் அமர்ந்ததும், அப்புரதத்தின் நடுவே ஒரு வாயில் திறக்கிறது. குளோரைடு உள்ளே நுழைகிறது. அஃது எதிர்மின்னேற்றமுள்ளதாதலால் உட்புறம் மேலும் எதிர்மின்னழுத்தம் அடைகிறது. நரம்பணுவினுள் முன்கூட்டியே குளோரைடைச் செலுத்திவிட்டால் தடையின் மின்திசை தலைகீழாவதைக் கூம்ஸ், எக்கிள்ஸ், பாட் ஆகிய மூவரும் காட்டினர்.

இன்னொரு பயனும் உண்டு. வாயில்கள் திறந்திருக்கும் வேளையில் தூண்டற் செய்தி ஒன்று வந்தாலும், அதன் மின்னோட்டம் அவ்வாயில்கள் வழியே கசிந்து வீணாகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றினால் குடம் நிறையுமா? அது போலவே நரம்பணுவும் வரம்பைத் தொடுவதில்லை.

தடைப்பொருள் எது?

இனி, அந்தப் பொருளின் பெயரை அறிய வேண்டியதாயிற்று. 1950இல் அமெரிக்காவில் யூஜின் ராபர்ட்ஸ் முதலியோர் மூளையில் மிகுதியாகக் கிடக்கும் ஓர் அமிலத்தைக் கண்டனர். காமா அமினோ பியூட்டிரிக் அமிலம் என்பது அதன் முழுப் பெயர். சுருக்கமாகக் காபா என்பர். அதனால் என்ன பயன் என்பது அப்போது விளங்கவில்லை. எர்ன்ஸ்ட் புளோரே என்பவர், மூளையிலிருந்து வடித்த சாறு நன்னீர் நண்டினத்து உயிரொன்றின் நரம்பணுவை அடக்குவதைக் கண்டார். அச்சாற்றிலிருந்த அடக்கும் பொருள் காபாவே என்று 1957இல் வெளியாயிற்று.

இங்கேதான் எட்டி நஞ்சு அறிஞரை வழிதவறச் செய்தது. தண்டுவடத்துத் தடையை ஸ்ட்ரிக்னின் அறுக்கும் என்பது நன்கு தெரிந்த செய்தி. ஆகவே தடைப்பொருள் எதுவோ, அதன் செயலையும் ஸ்ட்ரிக்னின் கெடுக்க வேண்டுமன்றோ? ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டேவிட் கர்ட்டிசும் துணைவரும் சோதித்தபோது, ஸ்ட்ரிக்னின் காபாவின் செயலைக் கெடுக்கவில்லை. எனவே காபா உண்மையான தடைச் செய்தியாளராக இருக்க முடியாது என்ற ஐயம் வலுத்தது. தடைப்பொருள் ஒன்றுதான் இருக்கும் என்று எவரும் வெளிப்படையாகச் சொல்லாமலே கொண்ட எண்ணம், காபாவைச் சில ஆண்டுகள் வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்தது.

1965இல் அமெரிக்காவின் இந்தியானாவில் ஆப்ரிசன், வெர்மன் என்ற இருவர் கிளைசினின் பக்கம் கவனத்தைத் திருப்பினர். அமினோ அமிலங்களுள் மிக எளியது அது. புரதங்கள் பலவற்றிலும் இருப்பது. அத்தகைய அன்றாடப் பொருள் செய்தியாளராக இருக்கும் என்று யாரும் கருதவில்லை. ஆனால் தண்டுவடத்தில், அதுவும் தடை நரம்பணுக்கள் நிறைந்த பகுதியில், அது தனி மிகுதியாகக் காணப்பட்டது. அதனை நரம்பணுவின்மீது தெளித்தபோது உண்மைத் தடையில் எழும் அதே குளோரைடு மின்னோட்டம் எழுந்தது. ஸ்ட்ரிக்னின் அதனை உடனே அறுத்தது. பிராக்கோன்னோ கண்ட இனிப்பும் பெல்தியே கண்ட கசப்பும் இவ்வாறு ஓரிடத்தில் சந்தித்தன.

காபாவும் தன் உரிமையை இழக்கவில்லை. 1960களில் கடல் இறாலின் தடை நரம்பிலிருந்து காபா சிந்துவது நேரே அளக்கப்பட்டது. 1970இல், காபாவின் செயலை மட்டும் கெடுக்கும் பைகுகுலின் என்ற செடிப்பொருளைக் கர்ட்டிசின் குழுவே எடுத்துக்காட்டியது. முன்பு ஐயுற்றவர்களே பின்பு சான்று தந்தனர். ஆக, தடைப்பொருள்கள் இரண்டு: மூளையில் பெரும்பாலும் காபா, தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் பெரும்பாலும் கிளைசின். எட்டி நஞ்சு உண்டவர் உடல் வில்லாக வளையும்போதும் நினைவு தெளிவாகவே இருக்கும் என்ற கொடுமைக்கு விளக்கம் இதுவே. 1987இல் இரு ஏற்பிகளின் மரபுக்கூறும் படிக்கப்பட்டபோது, அவை ஒரே குடும்பத்துப் புரதங்கள் என்பதும் தெரிய வந்தது.

ஒரே பொதியில் இரு பொருள்

ஆங்கில அறிஞர் ஹென்றி டேலின் பெயரால் ஒரு விதி வழங்கி வந்தது. ஒரு நரம்பணு தன் முனைகள் எல்லாவற்றிலும் ஒரே வகையாகச் செய்தி சிந்தும் என்பது டேலின் கருத்து. மாணவர்கள் அதனை 'ஒரு நரம்பணுவுக்கு ஒரு பொருள்' என்று சுருக்கி மனப்பாடம் செய்துகொண்டனர். சுருக்கத்தில் மூலத்தைவிடக் கண்டிப்பு மிகுந்துவிட்டது. அதனால், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தண்டுவடத்தின் ஒரே நரம்பணுவில் காபாவும் கிளைசினும் சேர்ந்திருப்பது நுண்ணோக்கியில் தெரிந்தபோதும், இரண்டும் சேர்ந்தே சிந்தப்படுகின்றன என்று உறுதி கூற இயலவில்லை.

நரம்பு முனையில் செய்திப் பொருள் சிறு சிறு பொதிகளில் நிரப்பப்பட்டிருக்கும். ஆணை வந்ததும் பொதி முனையின் சுவரோடு இணைந்து வாய் திறந்து, உள்ளிருப்பதைக் கொட்டும். பொதிகளை நிரப்பும் கூலியாள் யார் என்ற வினாவுக்கு 1997இல் விடை கிடைத்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவின் மரபுக்கூற்றைத் தொடர்ந்து சென்ற ஆய்வும், பிரான்சில் தனியே நடந்த ஓர் ஆய்வும் ஒரே புரதத்தைச் சுட்டின. வியப்பு என்னவெனில், காபாவையும் கிளைசினையும் அந்த ஒரே புரதமே பொதிக்குள் ஏற்றுகிறது. இரண்டையும் வேறுபடுத்தாத கூலியாள் அது. கைக்கு எட்டியதை ஏற்றும். அந்நரம்பணு காபாவைச் செய்யும் நொதியும் உடையதாய், கிளைசினை உள்ளே இழுத்துச் சேர்க்கும் திறனும் உடையதாய் இருந்தால், பொதியில் இரண்டும் கலந்தே ஏறும்.

அடுத்த ஆண்டே, 1998இல், ஜெர்மனியில் யோனாஸ், பிஷோப்பெர்கர், சாண்ட்கூலர் ஆகிய மூவர் இதனை மின்னோட்டத்தால் மெய்ப்பித்தனர். பிறந்து சில நாளே ஆன எலியின் தண்டுவடச் சீவலில், ஒரு தடை நரம்பணுவைத் தூண்டி, அது தொடும் இயக்க நரம்பணுவில் எழும் மின்னோட்டத்தை அளந்தனர். அம்மின்னோட்டம் விரைந்து எழுந்தது; ஆனால் ஒரே சீராக அடங்கவில்லை. முதலில் ஒரு பகுதி சில மில்லிநொடிகளில் மளமளவென்று குறைந்தது. எஞ்சிய பகுதி பல மடங்கு நீண்ட நேரம் மெல்ல அடங்கியது. ஸ்ட்ரிக்னினைச் சேர்த்தபோது விரைவுப் பகுதி மறைந்து மெல்லிய வால் மட்டும் நின்றது. அது காபாவின் பங்கு. பைகுகுலினைச் சேர்த்தபோது வால் மறைந்து விரைவுப் பகுதி நின்றது. அது கிளைசினின் பங்கு. இரண்டையும் சேர்த்தபோது ஒன்றும் எஞ்சவில்லை.

தற்செயலாக ஒரு பொதி மட்டும் வெடிக்கும்போது எழும் மிகச் சிறு மின்னோட்டங்களிலும் இவ்விரு பகுதிகளும் சேர்ந்து காணப்பட்டன. ஒரே பொதியில் இரு பொருள் என்பதற்கு இதனினும் நேரிய சான்று வேண்டியதில்லை. இவ்வாறு இரண்டு பொருள்கள் கூடி ஒரே மின்னோட்டத்தைப் படைக்கின்றன. கிளைசின் உடனே கடிவாளத்தைச் சுண்டுகிறது. காபா அதனைச் சற்று நேரம் பிடித்து வைக்கிறது. உயிர் வளர வளரத் தண்டுவடத்துச் சந்திகள் பலவற்றில் கிளைசினின் பங்கே மேலோங்குகிறது.

கூடியதால் குறுகியது

இரண்டு கூடினால் மிகும் என்பதே நம் இயல்பான கணக்கு. 2008இல் லூ, ரூபியோ, ட்ரஸ்ஸல் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு அக்கணக்கைப் புரட்டிப் போட்டது. செவியிலிருந்து வரும் செய்திகளைக் கையாளும் மூளைத்தண்டுப் பகுதி ஒன்றில் கிளைசின் மின்னோட்டம் மிக விரைவில் அடங்குவது தெரிந்திருந்தது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிய வேண்டிய நரம்புவழியில் நேரத்தின் சிறு பிழையும் பெரும் பிழையாகும். அவ்விரைவு எவ்வாறு வந்தது?

அங்குள்ள நரம்பு முனைகளில் கிளைசினோடு காபாவும் இருந்தது. காபா தனக்குரிய ஏற்பியில் மட்டுமன்றிக் கிளைசினின் ஏற்பியிலும் அமரும். ஆனால் உறுதியாக அமராது. கிளைசின் அமர்ந்தால் வாயில் வலுவாகத் திறந்து சற்று நேரம் நிற்கும். அதே இருக்கையில் காபாவும் பங்கு கொண்டால் வாயில் விரைவில் மூடிக்கொள்ளும். முனைகளிலிருந்த காபாவைக் குறைத்தபோது கிளைசின் மின்னோட்டம் நீண்டு மெல்ல அடங்கியது. எனவே வலிய பொருளோடு மெலிய பொருளை ஒரே பொதியில் வைத்து, தடையின் நேரத்தை நரம்பணு கத்தரித்துக் கொள்கிறது. ஓரிடத்தில் தடையை நீட்டும் காபா, மற்றோரிடத்தில் அதனைச் சுருக்குகிறது. பொருள் ஒன்றே, அது யாருடைய இருக்கையில் அமர்கிறது என்பதைப் பொறுத்துப் பயன் வேறாகிறது.

லயத்து வாசலில் நின்ற நோய்

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்து நுட்பங்கள், நமக்கென்ன என்று கேட்கலாம். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முந்தைய தலைமுறையினர் ரணஜன்னி என்ற பெயரை அச்சத்தோடு சொன்னவர்கள். வெறுங்காலோடு நிரையில் நடந்தோரின் பாதத்தில் முள்ளோ துருவேறிய ஆணியோ தைத்த சிறு புண் போதும். சாணமும் மண்ணும் பட்ட தொப்புள்கொடி போதும். சில நாளில் தாடை இறுகும். முகம் சிரிப்பது போலக் கோணும். முதுகு வில்லாக வளையும். வடமொழி மருத்துவர் இதனைத் தனுர்வாதம் என்றதும் வில்லின் உருவை நோக்கியே. கதவு சாத்தும் ஓசைக்கும் வலிப்பு எழுவதால், பேய் பிடித்தது என்று எண்ணி உடுக்கையடித்த வீடுகளும் இருந்தன. அந்த ஓசையே நோயாளியை மேலும் வதைத்தது.

ரணஜன்னிக் கிருமி புண்ணிலே தங்கி நஞ்சை உண்டாக்குகிறது. அந்நஞ்சு நரம்பிழை வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தடை நரம்பணுக்களின் முனைக்குள் புகுகிறது. பொதிகள் வாய் திறக்கத் தேவையான ஒரு புரதத்தை அது வெட்டுகிறது என்பது 1992இல் தெளிவாயிற்று. எட்டி நஞ்சு கிளைசினின் இருக்கையை மட்டும் மறைக்கும். ரணஜன்னி நஞ்சோ பொதியையே திறக்க விடாமல் கிளைசினையும் காபாவையும் ஒருங்கே அடைத்துவிடும். இரண்டு வார்களும் ஒரே வெட்டில் அறுகின்றன. தோற்றம் ஒன்றுபோலிருந்தும் இரண்டாவது நீடித்து நிற்பது அதனால்தான். வெட்டுண்ட முனைகள் பழைய நிலைக்கு வரக் கிழமைக் கணக்கில் ஆகும்.

சிகிச்சையிலும் இவ்விருவர் கூட்டு பயன்படுகிறது. 1963இல் மருந்துக் கடைக்கு வந்த டயாசெபாம், காபா தன் ஏற்பியில் அமரும்போது திறக்கும் வாயிலை மேலும் எளிதாகத் திறக்கச் செய்கிறது. இச்செயல்முறை 1970களின் நடுவில் அறியப்பட்டது. கிளைசினின் கடிவாளம் அறுந்த எட்டி நஞ்சிலும், இரண்டும் தளர்ந்த ரணஜன்னியிலும், எஞ்சியிருக்கும் காபாவின் பிடியை இறுக்கி நோயாளியைத் தாங்கிப் பிடிக்க அம்மருந்து உதவுகிறது. இருண்ட, ஓசையற்ற அறையில் நோயாளியைக் கிடத்துவதும் இதே அறிவின் பயன்தான். ஆனால் இவையெல்லாம் நோய் வந்த பின் செய்வன. வருமுன் காப்பது தடுப்பூசி. கிருமியின் நஞ்சைத் தீங்கற்றதாக்கிச் செய்யும் அந்த ஊசி 1920களிலிருந்து வழங்கி வருகிறது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அது முறையாகப் போடப்பட்ட இடங்களில் நோய் பின்வாங்கியது.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பிரட்டுக் களங்களின் இடம் தெரியவில்லை. ஆனால் மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கிறது. அது தோட்டம் மூடியதை அறியாது. சிறு வயதில் போட்ட ஊசியின் காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும் என்பதால், புண்பட்டவர் மருத்துவரிடம் சென்று மறு ஊசி வேண்டுமா என்று கேட்பது கடமை. வீட்டில் முதியவர் இருந்தால் அவர்களுக்காக நாம் கேட்க வேண்டும்.

தமிழாசிரியர்கள் மாணவரோடு ஈப்போ புகைவண்டி நிலையத்தின் பக்கம் செல்ல நேர்ந்தால், அம்மரத்தின் முன் சிறிது நின்று அதன் பெயர்க் கதையைச் சொல்லலாம். அதே பெயருடைய கொடியையும் அதன் உறவாகிய எட்டியையும் கூடவே சொல்லலாம். பிறகு ஒரு மாணவனை முழங்கையை மடக்கச் சொல்லி, அவன் மேற்கையின் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். அங்கே தளர்ந்து கிடக்கும் தசையில், கிளைசினும் காபாவும் அக்கணத்தில் பிடித்திருக்கும் கடிவாளத்தை அவன் தன் விரலாலேயே உணர்வான்.